பொன் வைக்கும் இடத்தில் பூ: குறைந்த செலவில் அன்பளிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மலேசியாவின் பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். என் வீட்டிலிருந்து போகும் அன்பளிப்பு பெரும்பாலும் கையால் செய்ததாகவோ, மண்ணில் முளைத்ததாகவோ, தாளில் எழுதியதாகவோதான் இருக்கும். இது அக்கம்பக்கத்தில் தெரிந்துபோனதால், தீபாவளிக்கு முன்பும், மே 16 ஆசிரியர் தினத்துக்கு முன்பும், கல்யாண மாதங்களிலும் பலர் வந்து யோசனை கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

விலை குறைந்ததைக் கொடுத்தால் கஞ்சத்தனம் என்று நினைக்க மாட்டார்களா?

முதலில் வருவது எப்போதும் இந்தக் கேள்விதான். இதைக் கேட்கிறவர்கள் யாரும் கஞ்சர்கள் அல்லர். நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட். அந்த வருமானத்தில் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பஸ் கட்டணமும் போன பிறகு, ஒரே மாதத்தில் இரண்டு கல்யாணமும் ஒரு காதுகுத்தும் வந்துவிட்டால் என்ன செய்வார்கள்? கடன் வாங்கிச் செய்கிறார்கள், அல்லது உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்துவிடுகிறார்கள். இரண்டாவதுதான் எனக்கு அதிக வருத்தம் தருகிறது. பரிசு வாங்கக் காசில்லை என்பதற்காக ஓர் அக்கா தன் சொந்தத் தம்பி மகள் விசேஷத்துக்குப் போகாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பிரான்சிஸ் ஃபிளின், கேப்ரியல் ஆடம்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. விலை கூடினால் மதிப்பும் கூடும் என்று கொடுப்பவர்கள் நம்பினார்கள். வாங்கியவர்களின் மகிழ்ச்சிக்கும் விலைக்கும் அப்படி ஒரு தொடர்பு இல்லை. நிச்சயதார்த்த மோதிர விஷயத்தில்கூட, விலை கூடக்கூட அவளுக்குப் பிடிக்கும் என்று நினைத்தது மாப்பிள்ளைதான். பெண்ணின் மனநிறைவு விலையோடு சேர்ந்து ஏறவில்லை.

தமிழில் 'கவனிப்பு' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. உற்றுப் பார்ப்பதும் கவனிப்பு. விருந்துக்குப் போய் வந்து "நன்றாகக் கவனித்தார்கள்" என்று சொல்கிறோமே, அந்த உபசாரமும் கவனிப்பு. நல்ல அன்பளிப்பில் இந்த இரண்டும் சேர்ந்திருக்கும். ஒருவரை உற்றுப் பார்த்து, அவருக்கென்று ஒன்றைச் செய்து கொடுத்தால் அதில் கஞ்சத்தனம் தெரியாது. தெரிவது எங்கே என்றால், வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த பூச்சாடியைத் தூசி தட்டிக் கொடுக்கும்போது. அந்தப் பூச்சாடி எண்பது ரிங்கிட்டாக இருந்தாலும் தெரியும்.

யாருக்கு என்ன பிடிக்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மனிதர்கள் தங்களுக்கு வேண்டியதை வருடம் முழுவதும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். பிறந்தநாளுக்கு முதல் நாள் கடைக்குள் நின்று யோசித்தால் அது நினைவுக்கு வராது. நான் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். பேச்சுவாக்கில் யாராவது "இது மட்டும் இருந்தால்" என்று சொன்னால் அன்றைக்கே எழுதி வைத்துவிடுவேன்.

என் பெரியம்மா பட்டர்வொர்த்தில் இருந்தார். தையல்காரர் அல்லர், ஆனால் கையில் எப்போதும் ஊசி இருக்கும். பேரன் சட்டைப் பொத்தான், தலையணை உறை, பாவாடை விளிம்பு என்று ஏதாவது தைத்துக்கொண்டிருப்பார். எழுபதைத் தாண்டியதும் ஊசியில் நூல் கோக்கக் கண் ஒத்துழைக்கவில்லை. யார் வீட்டுக்குள் நுழைந்தாலும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "கண்ணு, இதைக் கொஞ்சம் கோத்துக் கொடு" என்று நீட்டுவார். நூல் நுனியை உதட்டில் நனைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மூன்று முறை முயன்று தோற்ற பிறகுதான் அப்படிக் கேட்பார். அந்த நூல் நுனி எச்சில்பட்டுப் பிரிந்து துடைப்பம்போல இருக்கும்.

ஒரு தீபாவளிக்கு இருபது ஊசிகள் வாங்கினேன். பழைய பட்டுத்துணியில் பஞ்சு அடைத்து உள்ளங்கை அளவில் ஒரு திண்டு தைத்தேன். இருபது ஊசியிலும் நூல் கோத்து, வெள்ளை, கறுப்பு, மெரூன், இலைப்பச்சை, பள்ளிச் சீருடை நீலம் என்று வரிசையாகக் குத்தி வைத்தேன். நூல்கள் சிக்கிக்கொள்ளாமல் ஒவ்வொன்றையும் ஊசியிலேயே எட்டுப் போட்டுச் சுற்றினேன். ஐந்து ரிங்கிட்கூட ஆகவில்லை. பெரியம்மா அதைக் கையில் வாங்கி, ஒவ்வோர் ஊசியாகத் தொட்டு எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார். அந்த வருடம் யாரோ வாங்கிக் கொடுத்த பட்டுப்புடவை பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஊசித் திண்டு சாமி படத்துக்குக் கீழே இருந்தது. நூல் தீர்ந்த ஊசிகளைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைப்பார், நான் போகும்போதெல்லாம் கோத்துவிட்டு வருவேன். இருபதும் ஒரே நேரத்தில் தீர்ந்துவிட்டதாக ஒருமுறை போன் வந்தது. என்னைப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

தீபாவளிக்கு அங்பாவ் (உறையில் வைத்த பணம்) கொடுக்காமல் பலகாரம் மட்டும் கொடுக்கலாமா?

சின்னப் பிள்ளைகளுக்கு அங்பாவ் உறையைக் கையில் வாங்கும் குதூகலம் தனி. அதை அவர்களிடமிருந்து பறிக்க எனக்கு மனம் வராது. இரண்டு ரிங்கிட் வையுங்கள், போதும். உறைக்குள் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஒரே ஒரு வரி எழுதி வையுங்கள். "நீ இந்த வருடம் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டாய்" என்பதுபோல. உறையைத் தடவிப் பார்த்துக் கணக்குப் போடும் பிள்ளையும் அந்தச் சீட்டைத் தூக்கி எறியாது.

பெரியவர்களுக்குப் பலகாரம்தான் சிறந்தது. ஆனால் பத்து வகை வேண்டாம். உங்கள் கைக்கு நன்றாக வரும் ஒன்றை மட்டும் நிறையச் செய்யுங்கள். அதிரசம் என்றால் உங்கள் வீடு, நெய் உருண்டை என்றால் எதிர்வீடு என்று ஊரில் பெயர் எடுத்துவிட்டால், உங்கள் டின்னை வருடம் முழுவதும் எதிர்பார்ப்பார்கள்.

இங்குள்ள ஈரக்காற்றில் முறுக்கு ஒரே நாளில் நமத்துவிடும். முழுவதும் ஆறிய பிறகே டின்னில் போட வேண்டும். சூடாக மூடினால் உள்ளே வியர்த்துவிடும். டின்னின் அடியில் சமையல் காகிதம் விரித்து, வாய் நிறைய அடுக்கி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். காலியான மைலோ டின் இதற்கு மிகவும் பொருத்தம். அதன் மேல் வண்ணத்தாள் ஒட்டிப் பெயர் எழுதினால் கடை டப்பா அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

கல்யாணத்துக்கு?

மொய் வையுங்கள். இதில் சுற்றி வளைக்க வேண்டாம். மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் கையிலிருந்ததைக் கொட்டிவிட்டு நிற்கும் குடும்பத்துக்குப் பணம் உதவும். ஐம்பத்தொன்று முடியாவிட்டால் இருபத்தொன்று வையுங்கள், அந்த ஒற்றை ரிங்கிட்டை மட்டும் மறக்காதீர்கள்.

அதற்கு மேல் கொடுக்க விரும்பினால் உழைப்பைக் கொடுங்கள். கல்யாண வீட்டில் ஆயிரம் வேலை. தாம்பூலப் பையில் வெற்றிலை பாக்கும் தேங்காயும் போடுவது, தோரணம் பின்னுவது, வெளியூர் உறவினரைப் படகுத்துறையிலிருந்து கூட்டி வருவது, விடியற்காலையில் வாசலில் கோலம் போடுவது என்று எதையாவது ஒன்றை முழுப் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். "ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று சொல்வதில் பயனில்லை. "பை போடுகிற வேலையை நீங்கள் மறந்துவிடுங்கள், அது என்னுடையது" என்று சொன்னால் அந்த அம்மா அன்றிரவு நான்கு மணி நேரமாவது தூங்குவார்.

ஆசிரியர் தினத்துக்கு டீச்சருக்கு என்ன கொடுப்பது?

பெற்றோர் என்னிடமே இதைக் கேட்கும்போது பதில் சொல்லக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இதில் உண்மை தெரிய வேண்டும். எங்கள் வீட்டில் குவளைகள் போதுமான அளவு இருக்கின்றன. பேனாக்களும் இருக்கின்றன. நான் பீரோவில் பூட்டி வைத்திருப்பது கடிதங்களை.

மூன்றாம் ஆண்டில் படித்த ஒரு பையன் கொடுத்தது சதுரக் கட்டம் போட்ட கணக்கு நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். ஓரம் பிசிறாக இருக்கும். "டீச்சர், நீங்கள் என்னை இரண்டு முறை படிக்கச் சொன்னீர்கள். முதல் முறை எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது முறை சிரிக்கவில்லை" என்று எழுதியிருந்தான். 'சிரிக்கவில்லை' என்பதில் றகரம் போட்டு, அடித்து, ரகரம் எழுதியிருந்தான். அந்த அடித்தல்தான் எனக்கு இன்னும் பிடிக்கிறது. யாரும் சொல்லிக் கொடுத்து எழுதவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

எனவே பிள்ளையை எழுதச் சொல்லுங்கள், திருத்தாதீர்கள். "அன்புள்ள ஆசிரியருக்கு நன்றி" என்று பொதுவாக எழுதாமல், நடந்த ஒரு சம்பவத்தை எழுதச் சொல்லுங்கள். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற ஆய்வாளர்கள் 2018இல், நன்றிக் கடிதம் எழுதியவர்களையும் அதைப் பெற்றவர்களையும் தனித்தனியே கேட்டுப் பார்த்தார்கள். பெற்றவர் எவ்வளவு மகிழ்வார் என்பதை எழுதியவர்கள் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள். அவருக்குச் சங்கடமாக இருக்குமோ என்ற பயத்தைத்தான் கூட்டி மதிப்பிட்டிருந்தார்கள். பெரியவர்களாகிய நாமும் நம்முடைய பழைய ஆசிரியருக்கு எழுதாமல் இருப்பது இந்தக் கூச்சத்தால்தான். அவர் இன்னும் இருக்கிறார் என்றால் இந்த வாரமே எழுதிவிடுங்கள்.

செடி கொடுப்பது எப்படி? கொடுத்தால் பட்டுப்போய்விடுகிறதே?

நேற்று நட்டு இன்று கொடுத்தால் அப்படித்தான் ஆகும். குறைந்தது ஒரு மாதமாவது உங்கள் வீட்டில் வேர் பிடித்துப் புதுத் துளிர் விட்ட பிறகே கொடுக்க வேண்டும். செலவில்லாத பரிசுக்கு நாள் வேண்டும், அதுதான் அதன் விலை.

செம்பருத்தி சுலபம். 1960இல் நம் தேசிய மலர் ஆனது, ஆனாலும் ஃபிளாட் வீடுகளில் காண்பது அரிதாகிவிட்டது. பென்சில் கனத்தில் ஒரு கிளையைச் சாய்வாக வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஈர மண்ணில் நிழலில் ஊன்றுங்கள். வெற்றிலைக் கொடியைக் கணுவோடு நறுக்கி நட்டால் கணுவிலிருந்து வேர் விடும். கறிவேப்பிலைதான் கொஞ்சம் பிடிவாதம். பழுத்துக் கறுத்த பழத்தைப் பிதுக்கிச் சதையை நீக்கி, விதையைக் காயவிடாமல் உடனே ஊன்ற வேண்டும். காய்ந்துவிட்டால் முளைப்பதில்லை. பெரிய மரத்தின் வேரிலிருந்து கிளம்பும் கன்றை வேரோடு எடுத்து வைப்பது இன்னும் நிச்சயம்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துக் கொடுத்தால், அதில் தண்ணீர் தேங்கவிடக் கூடாது என்று கட்டாயம் சொல்லிவிடுங்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். டிங்கிக் காய்ச்சலைப் பரிசாகக் கொடுத்தவர் என்ற பெயர் நமக்கு வேண்டாம். தட்டில் மணல் நிரப்பிவிட்டால் அந்தக் கவலை இல்லை.

தாத்தா பாட்டிக்கு எதுவும் வேண்டாம் என்கிறார்கள். அவர்களுக்கு என்ன செய்வது?

அவர்களிடம் கேளுங்கள். பொருள் எதுவும் கேட்க வேண்டாம், கதையைக் கேளுங்கள். நான் கொடுத்தவற்றிலேயே மிகப் பெரியது இப்படி வந்ததுதான்.

என் மாமியார் கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவர். "பழைய கதை சொல்லுங்கள்" என்றால் "என்னத்தைச் சொல்ல" என்று எழுந்து போய்விடுவார். ஒருநாள் வேறு மாதிரிக் கேட்டேன். "அத்தை, லயத்து வீட்டில் அடுப்பு எந்தப் பக்கம் இருந்தது?" அவ்வளவுதான். கையை நீட்டி இந்தப் பக்கம் என்று காட்டினார். அடுப்பிலிருந்து விறகுக்குப் போனார், விறகிலிருந்து கித்தா என்னும் ரப்பர் மரத்துக்கு, அங்கிருந்து விடியாத இருட்டில் ஆள் கணக்கெடுக்க அடிக்கும் பெரட்டு மணிக்கு, மங்குக் கிண்ணத்தில் சொட்டும் ரப்பர்ப் பாலுக்கு, பிள்ளைகள் பொறுக்கும் உறைந்த ஒட்டுப்பாலுக்கு. கைப்பேசியில் ஒலிப்பதிவை அழுத்தி மேசையில் வைத்துவிட்டு நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கை வேலையாக இருந்தால் அவர்களுக்குப் பேச்சு வரும். எதிரில் உட்கார்ந்து முகத்தையே பார்த்தால் நின்றுவிடும்.

அவருடைய அப்பாவை 1943இல் ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டு போனார்கள். தோட்டங்களிலிருந்து அப்படிப் போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை, அவரும் திரும்பவில்லை. "எனக்கு அப்பா முகம் தெரியாது. அவருடைய பால் வாளி தெரியும். அம்மா அதில்தான் அரிசி போட்டு வைத்திருந்தார்" என்றார் அத்தை. முப்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அந்த வாளியைப் பற்றி அன்றுதான் கேட்டேன்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பதிவு செய்ததைக் கையால் எழுதினேன். நோட்டில் 32 பக்கம் வந்தது. அதை நகலெடுத்து, முதுகில் நூல் போட்டுத் தைத்து, ஒன்பது பேரப்பிள்ளைகளுக்கும் ஒன்று கொடுத்தேன். ஒன்றுக்கு நான்கு ரிங்கிட் ஆகியிருக்கும். முதல் பிரதியை அத்தையின் கையில் கொடுத்தபோது, அவர் வாசிக்கவில்லை, கண்ணாடி இல்லை என்றார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

பெயர்களை அப்போதே கேட்டு எழுதிவிடுங்கள். வேலையை மேற்பார்த்த கங்காணியின் பெயர், கணக்கெழுதிய கிராணியின் பெயர், பக்கத்து லயத்தில் இருந்தவர் பெயர். பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அந்தப் பெயர்கள் இருக்கும் ஒரே இடம் இவர்களின் நினைவுதான்.

சீன, மலாய் நண்பர்களுக்குக் கொடுக்கும்போது எதைத் தவிர்க்க வேண்டும்?

சீனர்களுக்குக் கடிகாரம் கொடுக்காதீர்கள். 'கடிகாரம் கொடுப்பது' என்பதும் 'கடைசிக் காலத்தில் உடனிருந்து அனுப்பி வைப்பது' என்பதும் அவர்கள் மொழியில் ஒரே மாதிரி ஒலிக்கும். கத்தியும் கத்தரிக்கோலும் உறவை வெட்டும் என்பார்கள். நான்காக எதையும் கொடுக்க வேண்டாம், அந்த எண்ணின் ஒலி மரணத்தைக் குறிக்கும் சொல்லின் ஒலிக்கு அருகில் இருக்கிறது. வெள்ளைத் தாளிலும் கறுப்புத் தாளிலும் சுற்றாதீர்கள். சீனப் புத்தாண்டுக்கு இரண்டு மண்டரின் ஆரஞ்சு கொண்டு போனாலே போதும், இரண்டு கையாலும் கொடுங்கள். கந்தோனிய மொழியில் அந்தப் பழத்தின் பெயர் தங்கத்தின் ஒலியைக் கொண்டது. பொன் வைக்கும் இடத்தில் அவர்கள் பழம் வைக்கிறார்கள்.

மலாய் நண்பர்களுக்கும் நம் தமிழ் முஸ்லிம் சொந்தங்களுக்கும் உணவு கொடுப்பதானால் ஹலால் முத்திரை உள்ளதையோ பழங்களையோ கொடுப்பது அவர்களைச் சங்கடப்படுத்தாது. வலது கையால் கொடுங்கள். நோன்பு மாதத்தில், திறக்கும் நேரத்துக்குச் சற்று முன் பேரீச்சம்பழமோ பழச்சாறோ கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள், அந்த முகத்தின் மலர்ச்சியை நீங்களே காண்பீர்கள். செடிக்கு எந்த வீட்டிலும் தடை இல்லை.

பழைய பொருளைப் பரிசாகக் கொடுக்கலாமா?

புத்தகம் என்றால் தாராளமாக. பினாங்கின் சௌராஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. ஒரு மதியம் செலவழித்துத் தேடினால், நண்பர் சின்ன வயதில் படித்துத் தொலைத்த புத்தகமே கிடைக்கலாம். முதல் பக்கத்தில் ஏன் இதை எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். முன்பு வைத்திருந்தவர் எழுதிய பெயரை அழிக்காதீர்கள், அதற்குக் கீழே எழுதுங்கள்.

பழைய புடவை இன்னொரு நல்ல பொருள். பினாங்கில் 2011 ஜனவரியிலிருந்து கடைகளில் இலவசப் பிளாஸ்டிக் பை கிடையாது. துணிப்பை இங்கே எல்லோருக்கும் தினமும் தேவை. அம்மாவின் பருத்திப் புடவையில் தைத்த பையைச் சகோதரிகளுக்குக் கொடுத்தேன். முந்தானைப் பகுதி யாருக்கு என்பதில் அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரு சின்னச் சண்டையே வந்தது.

கைப்பிடி பிய்ந்தது, கறை போகாதது, வேலை செய்யாதது வேண்டாம். அதைக் கொடுப்பது குப்பையை இடம் மாற்றுவது.

வெளியூர் உறவினர் கையில் என்ன கொடுத்து அனுப்பலாம்?

ஜாதிக்காய். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் பலர் காய்ந்த கொட்டையை மட்டுமே பார்த்திருப்பார்கள். முழுப் பழத்தைப் பிளந்து, கொட்டையைச் சுற்றிச் சிவப்பு வலைபோலப் படர்ந்திருக்கும் ஜாதிபத்திரியை அவர்கள் கண்முன் காட்டுங்கள். அதற்கே வாயடைத்துப் போவார்கள். சதையில் செய்த ஊறுகாய் ஒரு பொட்டலம் கையில் கொடுத்தால் போதும்.

பிள்ளைகள் கடைப் பொம்மையைத்தானே கேட்கிறார்கள்?

கேட்பார்கள். கூட்டாளிக்குக் கிடைத்தது தனக்குக் கிடைக்கவில்லை என்ற ஏக்கம் சின்னதல்ல, அதை அலட்சியப்படுத்தாதீர்கள். வருடத்தில் ஒருமுறை கேட்டதை வாங்கிக் கொடுங்கள். மற்ற நாள்களுக்கு உங்களையே கொடுங்கள்.

என் மகனுக்கு ஏழாவது பிறந்தநாளில் ஒரு சீட்டு கொடுத்தேன்: "இன்று முழுவதும் அம்மா உன்னுடையவள். கைப்பேசி வீட்டில் இருக்கும்." பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுனைச் சுற்றும் இலவச பஸ்ஸில் ஏறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு சுற்று வந்தோம், இறங்க மாட்டேன் என்றான். மாலையில் 1884இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவுக்குப் போனோம், நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கே நாகலிங்க மரம் பூத்திருந்தது. அந்தப் பூ கிளை நுனியில் பூக்காது, அடிமரத்திலேயே கொத்தாகத் தொங்கும். விழுந்து கிடந்த ஒரு பூவை எடுத்து, உள்ளே குடைபோல வளைந்து நிற்கும் நாகப்படத்தையும் அதன் அடியில் இருக்கும் லிங்கத்தையும் காட்டினேன். மூக்கில் வைத்துக்கொண்டே வீடு வந்தான். இப்போது கோலாலம்பூரில் படிக்கிறான். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று சென்ற வருடம் கேட்டேன், "சீட்டு கொடுங்கள் அம்மா" என்றான்.

பரிசைச் சுற்ற அழகான தாள் வாங்க வேண்டுமா?

வேண்டாம். பழைய மாத நாட்காட்டியின் வழவழப்பான தாள் போதும். நாம் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போட்டது அதில்தானே. வாழைநாரால் கட்டி ஒரு துளசிக் கொத்தைச் செருகுங்கள்.

இதில் கொடுப்பவருக்கு என்ன மகிழ்ச்சி?

கனடாவின் வான்கூவரில் எலிசபெத் டன் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் செய்த சோதனை 2008இல் வெளியானது. 46 பேரிடம் காலையில் ஓர் உறை கொடுத்தார்கள். சிலருக்கு 5 டாலர், சிலருக்கு 20 டாலர். மாலை ஐந்து மணிக்குள் செலவழித்துவிட வேண்டும். பாதிப் பேர் தங்களுக்காக, பாதிப் பேர் பிறருக்காக. மாலையில் விசாரித்தபோது பிறருக்குச் செலவழித்தவர்களே அதிக மகிழ்ச்சியாக இருந்தார்கள். தொகை ஐந்தா இருபதா என்பது எந்த வித்தியாசமும் செய்யவில்லை.

என் அனுபவத்தில் மகிழ்ச்சி அதற்கும் முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. ஊசி கோத்த அந்த இரவில் நான் ஒரு மணி நேரம் பெரியம்மாவோடு இருந்தேன், அவர் பட்டர்வொர்த்தில் தூங்கிக்கொண்டிருந்தார். கடையில் வாங்கும்போது அந்த ஒரு மணி நேரம் கிடைப்பதில்லை.

கொடுத்ததை அவர்கள் மதிக்கவில்லை என்றால்?

வலிக்கும். நான் ஆறு வாரம் பின்னிய ஒரு மேசைவிரிப்பு, கொடுத்த வீட்டில் கார் துடைக்கப் பயன்பட்டதைப் பார்த்திருக்கிறேன். அன்று அழுதேன். பிறகு யோசித்தபோது, அந்த வீட்டில் மேசையில் விரிப்பு போடும் வழக்கமே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. எனக்குப் பின்னப் பிடிக்கும் என்பதற்காகப் பின்னியிருந்தேன். அதற்குப் பிறகு நோட்டைப் பார்க்காமல் எதையும் தொடங்குவதில்லை.

இப்படிப்பட்ட அன்பளிப்பு எப்போது பொருந்தாது?

பணம் தேவைப்படும் இடத்தில். மருத்துவமனைக் கட்டணத்துக்குத் திண்டாடும் குடும்பத்துக்கு ஊசித் திண்டு தைத்துக்கொண்டு போகாதீர்கள். இருப்பதில் ஐம்பது ரிங்கிட்டை மடித்து, யாரும் பார்க்காமல் கையில் வைத்துவிட்டு வாருங்கள்.

துக்க வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். அங்கே சாப்பாடு கொண்டு போவதுதான் பெரிய உதவி. கஞ்சியோ சாம்பார் சாதமோ, திருப்பித் தர வேண்டாத பாத்திரத்தில் கொண்டு போங்கள். பதினாறாம் நாளோடு எல்லோரும் வருவது நின்றுவிடும், நீங்கள் பதினேழாம் நாள் போங்கள்.

பலகாரம் வந்த டப்பாவை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்கிறார்களே, என்ன வைப்பது?

ஒன்றுமில்லை என்றால் ஒரு பிடி சர்க்கரை. எங்கள் ஃபிளாட்டில் நான்காம் மாடி அக்காவுக்கும் எனக்கும் இடையே ஒரே நீல மூடி டப்பா பதினோரு வருடமாகப் போய் வந்துகொண்டிருக்கிறது. அது முதலில் யாருடையது என்பது இருவருக்கும் மறந்துவிட்டது. சென்ற வாரம் அதில் எலுமிச்சை ஊறுகாய் வந்தது. இப்போது கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நாளைக்குக் கறிவேப்பிலை பறித்ததும் மேலே போகும்.